சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணி

கோபம் வந்தால் மூக்கு முதலில் சிவக்கிற என் கன்னியம்மா அண்ணிக்கு,

புகையிலையை விட்டுவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணன் பால் சொசைட்டியில் போய்ச் சொல்லி, அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது தெருவில் நடந்தால் ஆளாளுக்கு நிறுத்தி வைத்து மெச்சுகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "நல்ல காரியம் பண்ணிட்ட சாந்தி. எங்க நீயும் உங்க அண்ணி மாரி ஆயிடுவியோன்னு பயந்துக்கினே இருந்தோம்" என்றாள்.

"எங்க அண்ணி மாரி ஆவறதுக்கு நான் இன்னும் ரொம்ப தூரம் போவணும்" என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

சந்தோஷமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை அண்ணி. காலையில் எழுந்ததும் வாயில் நாற்றம் இல்லை, அது நன்றாக இருக்கிறது. ஆனால் உன்னை எங்கேயோ பாதி வழியில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறி வந்துவிட்ட மாதிரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்த கை. சேற்றிலேயே கிடந்தாலும் எழுத்து மறக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. சொல்கிறேன். நீ குறுக்கே பேசாதே.

புருஷன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போன பிறகு, நான் ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் பொங்குவார்கள் என்று தெருவே சண்டைக்குக் காத்திருந்தது. நீ என் பையை வாங்கி உள்ளே வைத்தாய். "நாளைக்குப் பெரியவர் கயனியில நடவு. வரியா? வூட்ல குந்திக்கினு அழுதா எல்லாருக்கும் தெரியும். கயனியில குனிஞ்சிக்கினு அழு, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாய். அவ்வளவுதான் உன் ஆறுதல்.

பெரியவர் என்று நாம் சொன்னது, ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம் வைத்திருந்தவரை. அன்று அவருடைய கழனியில் மத்தியானம் ஆவதற்குள் எனக்கு இடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நாற்று முடிகளைத் தூக்கி வீசுகிற ஆண்கள் நினைத்தபோது வரப்பில் ஏறி பீடி பற்றவைத்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் மட்டும் காலையில் குனிந்தால் கஞ்சிக்குத்தான் நிமிர வேண்டும், கஞ்சி குடித்துக் குனிந்தால் பொழுது சாய்ந்துதான் நிமிர வேண்டும். நான் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தேன். உடனே பெரியவர் குரல் வந்தது. "இன்னாம்மா, வானத்துல இன்னா தேடிக்கினு கீற?"

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வரப்பில் ஏறி உட்கார்ந்தாய். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாய். காம்பைக் கிள்ளினாய். சுண்ணாம்பு தடவினாய். உனக்கு அவசரமே இல்லை. எல்லோரும் குனிந்தபடியே தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தார்கள்.

"இன்னா கன்னிம்மா, குந்திட்ட?"

"பொகையில போட்டுக்கினு கீறேன்யா."

"அத்த கயனியில நின்னுக்கினே போட்டா ஆவாதா?"

"ஆவும்யா. போட்டா துப்பணுமே. உங்க நாத்து மேலயே துப்பட்டுமா?"

பெரியவர் நாற்றைப் பார்த்தார், உன் வாயைப் பார்த்தார், மடைப் பக்கம் நடந்தார். நட்ட நாற்றின் மேல் எச்சில் துப்பச் சொல்ல எந்த விவசாயிக்குத்தான் மனசு வரும்? ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சிரித்துவிட்டார். நீ என்னைப் பார்த்து, "வாடி சாந்தி, உனுக்கும் ஒரு கிள்ளு தரேன்" என்று கூப்பிட்டாய்.

அதுதான் என் முதல் புகையிலை. தலை கிறுகிறுத்து, வரப்புக் கோடியில் இருந்த தென்னைமரம் இரண்டாகத் தெரிந்தது. நீ என் முதுகைத் தட்டிச் சிரித்தாய். ஆனால் என் இடுப்பு சேற்றுக்கு வெளியே இருந்தது அண்ணி. கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். புருஷன் போனதிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், ஒருவருக்கும் பதில் சொல்லாமல் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நீ ஏறினால் நடவுப் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். புகையிலையே போடாத செல்விகூட வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு, பெரியவர் பக்கம் திரும்பி ஒரு தடவை பலமாகத் துப்புவாள். 'பொகையில நேரம்' என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. பெருநகர் ஊர்ப் பக்கம் நடவுக்குப் போனபோதும் அங்கே இருந்தவர்களுக்கு அதை நீதான் சொல்லிக் கொடுத்தாய். நமக்கு யாரும் கொடுத்த நேரமில்லை அது. நாமாக எடுத்துக்கொண்டது.

நான் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். புகையிலை கெட்டது என்று சொல்கிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். நமக்கு அந்த வயலில் வேறு எந்த வழி திறந்திருந்தது?

சரி. இனி சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். அது உன் கன்னத்தைத் தின்றது. அதை நான் மறுக்கவில்லை.

முதலில் கன்னத்துக்குள் ஒரு புண். "சுண்ணாம்பு பட்டுது, ஆறிடும்" என்றாய். பிறகு குழம்பில் காரம் வேண்டாம் என்றாய். பிறகு சோற்றைக் குழைய வடிக்கச் சொன்னாய். பல் விளக்கும்போது என்னை வாசலுக்கு அனுப்பினாய். காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை நாங்கள் கூட்டிப் போனபோது, உன் வாயில் ஒரு கரண்டியின் விளிம்புதான் நுழைந்தது. ஊரில் யாரையும் எதிர்த்துப் பேசிய வாய் அது.

வார்டில் உன் அக்கா வந்து கட்டில் ஓரம் நின்று, "சொன்னா கேட்டியா? வாயால கெட்ட நீ" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். உன்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்தாய். மூக்கு சிவந்திருந்தது. உனக்காக நான் கத்தினேன். "படுத்துக்கினு கீறவள கேக்கறியே, அவ கயனியில இடுப்பு ஒடிஞ்சி நின்னப்போ நீ வந்து கேட்டியா?" என்றேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கிள்ளு எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன் கன்னம் அழுகிக்கொண்டிருந்த அதே கட்டடத்தின் வாசலில்.

திரும்பி வந்தபோது என் வாயிலிருந்து அந்த வாசனை உனக்கு வந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டாய். ஆசையாலா, வெறுப்பாலா? என்னை நிறுத்தச் சொல்லி ஒரு சைகையாவது காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை அண்ணி? நீ சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். ஒருவேளை கேட்டிருக்க மாட்டேனோ?

இதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்துப் போனவள் என்று விட்டுவிட மாட்டேன்.

உன் காரியத்தன்று படையலுக்கு எல்லாம் வைத்தார்கள். நீ விரும்புகிற கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, காபி. நான் வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலையும் வைக்கப் போனேன். உன் மகன் முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கம்பெனியில் வேலைக்குப் போன பிறகு அவன் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"அத்த, அம்மாவ கொன்னதே அதான். அதப் போய் படைக்கிறியே, உனுக்கு இன்னா மனசு?"

"அவளுக்குப் புடிச்சதைத்தானேடா படைக்கணும்?"

"எனுக்கு எங்கம்மாவப் புடிக்கும். அவ எங்க இப்போ?"

துண்டைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் வீம்புக்கு முன்னைவிட அதிகமாகப் போட்டேன். நான் விட்டுவிட்டால் உன் அக்கா சொன்னது சரியென்று ஆகிவிடும், ஊர் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒவ்வொரு கிள்ளும் உன் பக்கம் நான் சொன்ன சாட்சி மாதிரி இருந்தது. இழவு வீட்டில் உன்னைக் குறை சொன்னவர்கள் எதிரில் வேண்டுமென்றே உட்கார்ந்து மென்றேன்.

பிறகு என் வாயிலும் வந்தது.

உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேம்ப் போட்டிருந்தார்கள். செல்விக்குப் பல் வலி, துணைக்குப் போனேன். வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் காட்டுங்கள் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா, டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதைக் கண்ணாடியில் காட்டினாள். சொரசொரப்பாக, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"இது கேன்சர் இல்லம்மா. ஆனா ஆகலாம். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். புகையிலையை இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினா இது மறையவும் வாய்ப்பு இருக்கு, கண்டிப்பா மறையும்னு சொல்ல மாட்டேன்."

"எங்க அண்ணிக்குப் பாத்த டாக்டருங்களும் இப்டித்தான் பேசுனாங்க" என்றேன்.

"அவங்க எந்த நிலைமையில வந்தாங்க?"

வாய் திறக்காத நிலைமையில் என்று சொன்னேன். அவள் டார்ச்சை அணைத்தாள். "உங்களுக்கு இன்னும் திறக்குது இல்லம்மா?" என்றாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அங்கேயே ஒரு கிள்ளு போட்டிருப்பேன்.

டெஸ்ட் முடிவு வரும்வரை நான் பட்ட பேஜார் உனக்குத் தெரியும், நீயும் பட்டதுதானே. கேன்சர் இல்லை என்று வந்தது. வீட்டுக்கு வந்து, மீதி இருந்த புகையிலையை மாட்டுக் கொட்டகை ஓரத்தில் குப்பையோடு கொளுத்தினேன். அந்தப் புகையையும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வந்தேன். சிரிக்காதே.

விடுவது லேசு இல்லை அண்ணி. தலைவலி மண்டையைப் பிளந்தது. காலையில் வெளிக்குப் போவதுகூட நின்றுபோனது. அண்ணன் சோற்றில் உப்பு கம்மி என்று சொன்னதற்குத் தட்டைத் தூக்கி முற்றத்தில் வீசினேன். புகையிலையில் இருக்கிற அந்தப் பொருளுக்கு நிகோடின் என்று பேர், அதுதான் இழுக்கிறதாம். அதையே பபுள்கம் மாதிரி செய்து கொடுக்கிறார்கள், மெதுவாக மென்று குறைத்துக்கொள்ள வேண்டுமாம். வாங்கி மென்றேன். மிளகைச் சோப்பில் தோய்த்த மாதிரி ஒரு ருசி. நம் கடையில் காரம் பார்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குவாயே, அந்த இலை எங்கே, இந்த ரப்பர் எங்கே! ஆனாலும் மென்றேன். பொட்டுக்கடலை மென்றேன். கொத்தமல்லி விதை மென்றேன். வாய்க்கு ஆள் துணை இல்லாமல் போன மாதிரி ஒரு வெறுமை. அது உன்னால் வந்த வெறுமையா, புகையிலையால் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை.

இவ்வளவும் தாண்டி வந்த பிறகுதான் முக்கியமான சங்கதி நடந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

பெரியவர் போய்விட்டார், இப்போது நிலத்தைப் பார்ப்பது அவர் மகன் பாபு. நவரைப் பட்டம், தை மாச நடவு. வழக்கமான நேரத்துக்குப் பெண்கள் வரப்பில் ஏறினார்கள், நானும் ஏறி உட்கார்ந்தேன். பாபு பைக்கை ஓரம் கட்டிவிட்டு வந்தான். நல்ல பிள்ளைதான், அப்பனைப் போல் குரல் உயர்த்த மாட்டான், சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"சாந்திக்கா, நீதான் பொகையில வுட்டுட்டியாமே. அப்பால இன்னாத்துக்கு ஏறிக் குந்திக்கினு கீற? போடறவங்க போட்டுக்கினு வரட்டும், நீ எறங்கு."

பெண்கள் சிரித்தார்கள். சொன்னால் நம்ப மாட்டாய், கால் தானாக இறங்கப் பார்த்தது. சாக்கு போய்விட்டது அல்லவா? வாயில் ஒன்றும் இல்லை, துப்புவதற்கும் ஒன்றும் இல்லை. புகையிலையை விட்டதற்குத் தண்டனையாக, உட்காருவதையும் விடச் சொல்கிறான். ஒரு கிள்ளு போட்டுக்கொண்டால் உட்காரலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடவுக்காரி ராணியின் கையில் புகையிலை இருந்தது. வாசனை வந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள்.

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், கை நீண்டது. அப்புறம் மடக்கிக்கொண்டேன்.

"சும்மாதான் குந்திக்கினு கீறேன், பாபு."

"சும்மாவா?"

"ஆமா, சும்மா. இடுப்பு நோவுது, குந்திக்கினு கீறேன். அன்னிக்கு உங்க நைனாகிட்ட இடுப்பு நோவுதுன்னு சொன்னா நிமிர வுட்டிருக்க மாட்டாரு. பொகையிலன்னு சொன்னோம், வுட்டாரு. அந்தச் சாக்குக்கு எங்க அண்ணி வாயையே குடுத்துட்டா. நான் குடுக்கறதா இல்ல. ஆனா குந்துவேன்."

அவன் சிரிப்பு போய்விட்டது. "இப்டி ஆளாளுக்கு சும்மா குந்தினா கட்டுப்படி ஆவாதுக்கா. அடுத்த பட்டத்துக்கு நடவு மெஷினு வெச்சிடுவேன், அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

"வெச்சிக்கோ. பக்கத்து கயனியில மெஷினுக்கும் சூடு ஆறணும்னு நிறுத்தி வெக்கிறான் டிரைவரு, பாத்துக்கினுதானே கீறேன். அதுங்கிட்ட போய், இன்னாத்துக்கு நிக்கறன்னு கேப்பியா?"

செல்விதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் கையில் இருந்த வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு, "நானும் சும்மாதான் குந்திக்கினு கீறேன்" என்றாள். இத்தனை வருஷமாகப் புகையிலை போடுகிற மாதிரி நடித்தவள் அண்ணி! அவளுக்கும் அன்றைக்குத்தான் விடுதலை. பாபு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த பட்டத்துக்கு அவன் மெஷின் வைத்தாலும் வைப்பான். ஆனால் அன்றிலிருந்து இதுவரை எங்களை இறங்கச் சொல்லவில்லை. ராணி மட்டும் என் எதிரில் புகையிலையை எடுக்கக் கூச்சப்பட்டு முந்தானையில் மறைத்தாள். "மறைக்காத, போடணும்னா என் எதுர்லயே போடு. ஆனா என்னோட உத்திரமேரூர் வந்து வாயைக் காட்டிட்டு வந்து போடு" என்றேன். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வந்து காட்டவும் செய்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. இன்னும் போடுகிறாள்.

அந்த வரப்புச் சண்டை முருகன் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது, கம்பெனி பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தவன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அத்த, அம்மா கயனியில குந்தறதுக்கு சண்டை போட்டுதா? நெஜமாவா?"

"உனுக்குத் தெரியாதாடா?"

"எனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த வாய் நாத்தம்தான் அத்த. வேற ஒண்ணும் யாரும் சொல்லல."

பெரியவர் கேட்டதும் நீ சொன்னதும் எல்லாம் சொன்னேன். 'உங்க நாத்து மேலயே துப்பட்டுமா' என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முகத்தைச் சட்டையில் துடைத்தான். நீ போனதற்கப்புறம் என் கையால் அவன் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு செய்தி. வருகிற மாதம் மகளிர் குழு கூட்டத்தில் புகையிலை பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேனரில் உன் போட்டோவைப் போட்டு, 'இவரைப் போல் ஆகாதீர்கள்' என்று எழுதலாமா என்று கேட்டார்கள். முருகனைக் கேட்டால், "நீயே முடிவு பண்ணு அத்த" என்றான். போட்டோ கிடையாது என்று சொல்லிவிட்டேன். பயம் காட்டுவதற்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு முகத்தை நான் கொடுக்க மாட்டேன். ஆனால் பேச வருவேன் என்றேன்.

என்னையும் நான் முழுசாக நம்பவில்லை. பருவ மழையில் கழனி வாசனையோடு அந்த வாசனையும் சேர்ந்து வந்தால், நான் மறுபடி ஒரு கிள்ளு போட்டுவிடலாம். போட்டால் ஒளிக்க மாட்டேன், உன்னிடம்தான் முதலில் சொல்வேன். மறுபடி விடுவேன்.

கூட்டத்தில் என்ன பேசுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. முதலில் நீ எப்படி உட்கார்ந்தாய் என்று சொல்வேன். அப்புறம் எப்படிச் செத்தாய் என்று சொல்வேன். இரண்டையும் சொல்வேன். நேரம் இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள் என்று யாராவது சொன்னால், மைக்கைக் கொடுக்காமல் இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்கு வந்து உன்னோடேயே இருந்துவிட்ட நாத்தனார்,
சாந்தி